மண்ணும் கூழாங்கல்லும் மரத்தூளும்: ஒரு கறுப்புப் பானை செய்த பதிவு

இந்தப் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்க முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தவை. கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. மண்ணையே தேய்த்து மினுங்க வைத்து, மரத்தூள் புகையில் கறுப்பாக்க வேண்டும். மினுமினுப்பு நிலைக்க வேண்டுமானால் குறைந்த சூட்டில் சுட வேண்டும். குறைந்த சூட்டில் மண் முழுதாக இறுகாது, நுண்துளைகள் திறந்தே கிடக்கும், நீர் கசியும். கறுப்புக்கும் அந்தத் துளைகள் வேண்டும். புகைக்கரி போய் உட்காருவது அங்கேதான். நீர் பிடிக்கும் பானையா, மின்னும் கறுப்புப் பானையா என்றால் நான் இரண்டாவதன் பக்கம்.

மெருகு எப்படி வருகிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். களிமண்ணின் துகள்கள் உருண்டை அல்ல, மெல்லிய தகடுகள். ஈரம் பாதி வற்றிய பரப்பை வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால் தாறுமாறாக நின்ற தகடுகள் படுத்து ஒரே திசையில் அடுக்காகின்றன. பரப்பில் விழும் ஒளி சிதறாமல் திரும்புகிறது. இந்த அடுக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். என்னுடைய மண்ணில் சிறு சில்லுகள் செய்து தேய்த்துச் சுட்டுப் பார்த்ததில், 800 டிகிரி செல்சியஸ் வரை நின்றது, 900இல் மங்கியது, 1000இல் தேய்த்த அடையாளமே இல்லை.

மண்

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய ஒரு குழியிலிருந்து, இடத்துக்காரரின் அனுமதியோடு எடுத்தது. மேல்மண்ணில் வேரும் மக்கும் இருக்கும், அது வேண்டாம். ஒரு கை ஆழத்துக்குக் கீழே மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு படுகை தெரிந்தது. மண்வெட்டி வெட்டிய முகம் பளபளவென்று இருந்தால் அங்கே களி இருக்கிறது என்று அர்த்தம். பையில் விற்கும் மண் ஒழுங்கானது, நம்பலாம், வேலையும் மிச்சம். ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். எனக்கு இரும்புச்சத்து நிறைந்த, கொஞ்சம் முரட்டு மண் வேண்டியிருந்தது.

எடுத்தவுடன் மூன்று சோதனைகள். பென்சில் தடிமனுக்குத் திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்தேன். மேல்பக்கம் மயிரிழையாகச் சில கீறல்கள், உடையவில்லை. வளைக்கும்போதே துண்டாகிப் போகும் மண்ணில் வண்டல் அதிகம், பானைக்கு ஆகாது. அடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் மண்ணும் நீரும் கலக்கிக் குலுக்கி வைத்தேன். மணல் நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி நாள்கணக்கில் மிதக்கும். அடுக்குகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் களி.

மூன்றாவதுதான் முக்கியம்: உலர்ந்த கட்டி மேல் வினிகர் விட்டுப் பார்ப்பது. நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சுட்டு எடுத்துப் பல நாள் கழித்துப் பானையின் பக்கத்திலிருந்து ஒரு சில்லு தானாகத் தெறித்து விழும். மெருகு ஏற்றிய பரப்பில் அப்படி ஒரு பள்ளம் விழுந்தால் மறைக்க வழியே இல்லை. என் மண் நுரைக்கவில்லை.

ஊறப்போடும் முன் மண்ணை வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரக்கட்டியைத் தண்ணீரில் போட்டால் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். காய்ந்த கட்டியோ சலசலவென்று குமிழி விட்டு நிமிடங்களில் உதிர்ந்து போகும், ஏனென்றால் துளைகளுக்குள் பாயும் நீர் உள்ளிருக்கும் காற்றை நெருக்கி வெளியே தள்ளுகிறது. கரைந்ததை அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் வடித்து, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, மிச்சத்தைப் பழைய துணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிளாஸ்டர் பலகையில் கொட்டினால் சீக்கிரம் இறுகும். ஆனால் பிளாஸ்டர் பொடி ஒன்று மண்ணில் கலந்தாலும் சுண்ணாம்பு செய்த அதே சேட்டையைச் செய்யும். துணியே போதும்.

சுருக்கம் பார்க்க ஒரு பட்டை செய்து அதில் 10 செ.மீ. கோடு கீறினேன். காய்ந்தபின் கோடு 9.1 செ.மீ., அதாவது 9 சதவீதம். கைவனைவுப் பெரிய பானைக்கு இது கூடுதல். அடி காய்வதற்குள் வாய் காய்ந்து இழுத்தால் விரிசல்தான். சுட்ட மண்பொடி சேர்த்தால் சுருக்கம் குறையும், திடீர்ச் சூட்டையும் தாங்கும். சிக்கல் என்னவென்றால் அதே பொடி, தேய்க்கும் கல்லுக்கு எதிரி. ஒவ்வொரு பரலும் பரப்பில் ஒரு கீறல் போடும். உடல் ஒரு மண், தோல் வேறு மண் என்று பிரித்துக்கொண்டதுதான் இதற்கு நான் கண்ட வழி. உடலுக்கு உலர் எடையில் 15 சதவீதம் நன்றாகச் சலித்த சுட்ட மண்பொடி. தோலுக்கு அதே மண்ணிலிருந்து பிரித்தெடுத்த மிக நுண்ணிய குழம்பு. சுருக்கம் 7.5 சதவீதத்துக்கு இறங்கியது.

பிறகு பிசைதல். காற்றுக்குமிழி இருந்தால் பானை சூளையில் வெடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். வெடிக்க வைப்பது காற்று அல்ல, ஈரம். நன்கு காய்ந்த மண்ணில் குமிழி இருந்தாலும் அமைதியாக வெந்துவிடும். ஆனாலும் பிசைவதை விடக்கூடாது. மண் ஒரே பதமாக இல்லாவிட்டால் திரியில் மெலிவும் தடிப்பும் வரும், தேய்க்கும்போது குமிழி மேலே வந்து கொப்புளமாக நிற்கும்.

திரி அடுக்கி வனைந்தது

உயரம் 28 செ.மீ., அகன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து. சக்கரம் பயன்படுத்தவில்லை. சக்கரத்தில் கை வைத்த இடமெல்லாம் சுழல்வரி விழும், அதை நீக்குவதே தனி வேலை. சமச்சீரின்மை கொஞ்சம் இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அடிப்பாகத்தைத் துணி விரித்த கிண்ணத்துக்குள் அழுத்தி எடுத்தேன். மேலே விரல் தடிமனுக்குத் திரி. ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் கீறி, குழம்பு தடவி, உள்ளும் புறமும் மண்ணை இழுத்து மூட வேண்டும். மூன்று நான்கு திரி ஏறியதும் நிறுத்திவிட்டுக் கீழ்ப்பகுதி கொஞ்சம் இறுகக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தொங்கும். இறுகும்போது வாய்விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்தேன்.

வயிற்றை விரிக்கத் தட்டுப்பலகையும் உள்ளே தாங்கும் உருண்டைக் கல்லும். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து பரவுகிறது, திரி இணைப்புகள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. எனக்கு இந்த வேலையில் பிடித்தது சத்தம். சுவர் தடிப்பாக இருக்கும் இடத்தில் மந்தமாகவும் மெலிந்த இடத்தில் தெளிவாகவும் கேட்கும்; கண் ஏமாறினாலும் காது ஏமாறாது. ஐயம் வந்த இடத்தில் ஊசி குத்திப் பார்த்து, 7 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன்.

பானையைத் திருப்பாமல் நான் அதைச் சுற்றி நடந்தேன். நைஜீரியாவின் குவாரி (Gwari) இனப் பெண்கள் அப்படித்தான் பெரிய பானைகள் வனைந்தார்கள். அவர்களில் லாடி குவாலியின் உருவம் இன்று அந்நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. 1950இல் கென்யாவில் பிறந்த மேக்டலீன் ஒடுண்டோ, 1970களில் நைஜீரியாவின் அபூஜா மட்பாண்டப் பயிற்சி மையத்துக்குப் போய் லாடி குவாலி உள்ளிட்ட பெண்களிடம் இந்தக் கைவனைவைக் கற்றார். ஒடுண்டோவின் கலங்கள்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தவை: திரியில் எழுப்பி, நுண்குழம்பு பூசி, தேய்த்து, காற்றோட்டமாகச் சுட்டால் செம்மஞ்சள், காற்றை அடைத்து மறுபடி சுட்டால் கறுப்பு. ஒரே மண்தான். சுற்றி நடப்பதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. பானையின் கோணல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியாது, நடந்தால் உடனே உறுத்தும்.

நுண்குழம்பு

டெர்ரா சிஜிலாட்டா என்று பெயர். இரண்டு லிட்டர் மழைநீரில் 3.5 கிராம் சோடியம் சிலிகேட்டைக் கரைத்து, அதில் 700 கிராம் உலர்ந்த மண்பொடி. கணக்கு எளிது: மண் எடையில் அரை சதவீதம். கடின நீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் துகள்களை மறுபடி ஒட்ட வைத்துவிடும். சோடியம் சிலிகேட் இதற்கு நேர்மாறு. துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாக மிதக்கின்றன. கனமானவை இறங்க, மிக நுண்ணியவை மட்டும் மேலே தங்கும். சோடியம் சிலிகேட் கிடைக்காதவர்கள் மரச்சாம்பல் கரைத்த தெளிநீரில் முயலலாம்.

கலக்கி ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். பக்கத்தில் கதவைச் சாத்தக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு குழாய் வைத்து மேல்பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்தேன், அடிவண்டல் குப்பைக்கு. எடுத்ததை 100 மி.லி. அளந்து நிறுத்தால் 115 கிராம் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் அகன்ற தட்டில் வைத்து ஆவியாக விடலாம். ஆடை நீக்கிய பால் எவ்வளவு தண்ணீராக இருக்குமோ அவ்வளவு தண்ணீராகத்தான் இருக்கும். இது எப்படிப் பரப்பை மூடும் என்று நம்பிக்கையே வராது.

கிமு 6, 5ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ் கலங்களில் இருக்கும் கறுப்புப் பளபளப்பும் நாம் இன்று சொல்லும் கிளேஸ் அல்ல, இதே வகை நுண்குழம்புதான். ஒரே சூளையில் முதலில் காற்று, பிறகு காற்றடைப்பு, கடைசியில் மறுபடி காற்று என்று மூன்று கட்டம். காற்றடைத்த கட்டத்தில் குழம்பு பூசிய இடம் இறுகி மூடிக்கொள்வதால், கடைசியில் காற்று திரும்ப வந்தாலும் அது கறுப்பாகவே நிற்கும், பூசாத இடம் மட்டும் சிவக்கும். அவர்கள் சூடு என் திட்டத்தைவிட அதிகம், 900ஐத் தாண்டியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தேய்த்தல்

தோல்பதம் என்று சொல்லும் நிலை: கத்தி வைத்தால் சீவலாக வரும், அழுத்தினால் வளையாது. முதலில் உலோகத் தகட்டால் சுரண்டிப் பள்ளம் மேடு நீக்கினேன். அடுத்து கூழாங்கல். இந்தக் கட்டத்தில் மினுமினுப்பு நோக்கம் அல்ல. மேலே நிற்கும் சுட்ட மண்பொடிப் பரல்களை உள்ளே அமுக்கி, அவற்றின் மேல் களியை மூடுவதுதான். கல்லின் தேர்வில் அழகு பார்க்காதீர்கள். கையடக்கமாக, ஒரு பக்கம் மெல்லிய வளைவாக, ஒரு பொட்டுக் கீறலும் இல்லாமல் இருக்க வேண்டும். நகத்தை மேலே ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் தட்டுப்படும். கழுத்தின் உள்வளைவுக்கு ஒரு ஸ்டீல் கரண்டியின் பின்புறம்.

முழுதாகக் காய்ந்தபின் நுண்குழம்பு. அகலமான மென்மையான தூரிகை, மெல்லிய பூச்சு. காய்ந்த மண் உடனே நீரை உறிஞ்சும். ஈர மினுக்கம் மறையும் தருணத்தில் மென்மையான துணியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அந்தத் தருணம் நீண்டதல்ல. முன்னதாகத் தேய்த்தால் துணியோடு வந்துவிடும், தாமதித்தால் மங்கலாகவே நின்றுவிடும். உள்ளங்கை அளவு பகுதி பகுதியாகப் போனேன், ஒவ்வொரு பகுதியும் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறும்படி. மூன்று பூச்சு. அதற்கு மேல் போட்டால் தடித்து உரிந்து வரும் என்று சில்லுகளில் பார்த்திருந்தேன்.

முதல் பூச்சு ஏமாற்றம் தரும். இரண்டாவதில் ஜன்னலின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதில் ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது. அதற்கப்புறம் பானையைத் துணிக்கையுறையோடுதான் தொட்டேன், விரலின் எண்ணெய் பட்ட இடம் புகையில் வேறு நிறம் காட்டக்கூடும்.

தூசி பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த மண்ணைச் சுரண்டும்போது பறப்பதில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நல்ல முகக்கவசம் போடுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் சூடு

மின்சூளை. இரவு முழுக்க 90 டிகிரியில், மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து. காலையில் சூளைத் துளைக்கு நேரே ஒரு கண்ணாடியைக் காட்டினேன், ஆவி படியவில்லை, ஈரம் போய்விட்டது. 100ஐத் தாண்டும்போது உள்ளே நீர் மிச்சமிருந்தால் அது ஆவியாகி விரியும் வேகத்தை எந்தச் சுவரும் தாங்காது.

அதன்பின் 600 வரை மணிக்கு 60 டிகிரி. ஏன் இத்தனை மெதுவாக என்றால், 450க்கும் 600க்கும் இடையில் களியின் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. கயோலினைட் என்ற தூய களிக்கனிமம் தன் எடையில் சுமார் 14 சதவீதத்தை இப்படி இழக்கும். இதற்கு நடுவிலேயே, 573இல், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும். இந்த நிலையைத் தாண்டிய மண் இனித் தண்ணீரில் கரையாது. கரைத்து மறுபடி பிசையலாம் என்ற வாய்ப்பு இங்கே முடிகிறது. மேலே மணிக்கு 100 வீதம் 780 வரை, அங்கே கால் மணி நேரம். ஆறும்போது குவார்ட்ஸ் அதே 573இல் சுருங்கும், ஆகவே மூடியை 100க்குக் கீழே வரும் வரை தொடவில்லை.

வெளியே வந்தது செங்காவி நிறம். மெருகு முழுசாக இருந்தது. இதோடு நிறுத்தலாமா என்று ஒரு கணம் சபலம்.

மரத்தூள்

உலோக டிரம், அடியில் காற்றுக்கு ஒரே ஒரு சிறு துளை. தூள் நன்கு காய்ந்த, வெறும் மரத்தினுடையதாக இருக்க வேண்டும். பிளைவுட், மருந்து தடவிய பலகை இவற்றின் தூள் எரிந்தால் வரும் புகை நஞ்சு. சன்னத் தூள் கனன்று மெதுவாக இறங்கும், கறுப்பு ஆழமாக வரும். சீவல் கொழுந்துவிட்டு எரியும், கொழுந்து பட்ட இடத்தில் கரி எரிந்து வெளிறும். அடியில் 10 செ.மீ. தூள், பானைக்குள்ளும் தூள், சுற்றிலும் கையால் அமுக்கி, மேலே 15 செ.மீ. சுள்ளியும் காகிதமும் வைத்துப் பற்றவைத்து, மேல்பரப்பு முழுக்கக் கனிந்ததும் மூடி. திறந்தவெளியில் மட்டும். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

உள்ளே நடப்பது: போதிய காற்று இல்லாததால் தூள் முழுதாக எரியாமல் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் பிரிகிறது. கரி துளைகளுக்குள் போய்த் தங்குகிறது. சூடு இன்னும் அதிகமானால் சிவப்பு இரும்பு ஆக்சைடும் ஆக்சிஜனை இழந்து கறுக்கும். அமெரிக்கப் பழங்குடியினரின் ஊரான சான் இல்டிஃபோன்சோ பியூப்லோவில் மட்பாண்டக் கலைஞர் மரியா மார்டினெஸ் திறந்த தீயைப் பொடித்த குதிரைச் சாணத்தால் மூடி மூச்சடைத்துப் பெற்ற கறுப்பில் இரண்டுக்கும் பங்குண்டு. அவர் கணவர் ஹூலியன், மெருகிட்ட பரப்பின் மேல் தேய்க்காத குழம்பால் வரைந்து, கறுப்பின் மேல் மங்கல் கறுப்பாகக் கோலம் வரச் செய்தார். வேறு சாயம் எதுவும் கிடையாது, தேய்த்த இடம், தேய்க்காத இடம், அவ்வளவே.

டிரம்மில் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பையையும் வைத்தேன், வேறொரு ஆர்வத்தில். அகழாய்வில் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களில் உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளியுடல் சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் அப்படி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கோப்பையை விளிம்பு வரை தூளில் புதைத்துக் கவிழ்த்து, வெளிப்புறத்தைச் சுற்றி மணல் நிரப்பிய தகரம் வைத்துப் புகையிலிருந்து ஒதுக்கினேன். உள்ளே நல்ல கறுப்பு, வெளியே சிவப்பு, நடுவில் விரலகலத்துக்குப் பழுப்பு. ஆதாரம் என்று சொல்லமாட்டேன், மண் அப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் தெரிந்தது.

டிரம் தானாக ஆறும் வரை திறக்கவில்லை. சூடாக எடுத்தால் விரிசல் ஒரு பக்கம், காற்று பட்டுக் கரி எரிந்து நிறம் போவது இன்னொரு பக்கம்.

பானையின் பெரும்பகுதி ஒரே சீரான கறுப்பு. துளைக்கு எதிரே இருந்த பக்கத்தில் மட்டும் சாம்பலும் சிவப்புமாக ஒரு திட்டு. தீயின் கையெழுத்து என்று அதைக் கொண்டாடுபவர்கள் உண்டு, எனக்கும் சில கலங்களில் பிடிக்கும். ஆனால் கழுத்தை நோக்கி ஏறும் இந்தப் பானையின் வடிவக் கோட்டுக்கு அது குறுக்கே நின்றது. கரிக்கறுப்பில் ஒரு வசதி இருக்கிறது: காற்றோட்டமான சூளையில் மறுபடி சூடேற்றினால் எரிந்து போய்விடும். மின்சூளையில் 720 வரை கொண்டுபோனதும் பானை பழையபடி செங்காவி. மெருகில் ஒரு துளி குறைந்தது, பக்கத்தில் சில்லை வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும் அளவுக்கு. டிரம் துளையைப் பாதி மண்ணால் அடைத்து, பானையைத் தகட்டுத் தடுப்புக்குப் பின்னால் வைத்து, மறுபடி தூள் நிரப்பிப் பற்றவைத்தேன். திட்டு இல்லை. இளஞ்சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்தேன், அதிகமானதை வேறு துணியால் துடைத்தெடுத்தேன். மெழுகு கறுப்பை ஆழமாக்கும், கைரேகை படியாமல் காக்கும், நீரைத் தடுக்காது. உள்பக்கம் தடவவில்லை.